இயந்திரத்தை வாங்கினோம், அதன் பாஷையை வாங்கினோமா?

சில வாரங்களுக்கு முன் புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஹாஜியார் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பதினைந்து வருடங்களாக அவரது கடையில் ஓடிய கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்தவர் தொழிலை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டாராம். புதிதாக வேறொன்றை வாங்கினால், பழையதில் உள்ள கடன் பாக்கிகளை அதற்கு மாற்ற முடியாதென்று புதிய விற்பனையாளர் கையை விரிக்கிறார். "கொம்பியூட்டர் இரிக்கி, கணக்கும் உள்ளுக்கு இரிக்கி. எடுக்கத்தான் ஏலாதாம். இதென்ன ஞாயம்?" என்று கேட்டார்.

அவருக்குப் பதில் சொல்ல முற்பட்டபோது எனக்கு 1996ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. அப்போது நான் வளைகுடா நாடொன்றில், பெரியதொரு விநியோகக் கம்பனியின் கணினிப் பிரிவில் வேலை செய்து கொண்டிருந்தேன். அங்கே எங்களுக்கு நேர்ந்தது ஹாஜியாருக்கு நேர்ந்ததன் மூத்த சகோதரன் என்று சொல்லலாம்.

அந்தக் கம்பனியின் தலைமையகத்தில் ஐ.பி.எம். பேரகக் கணினி ஒன்று இருந்தது. மெயின்பிரேம் என்று சொல்வார்களே, ஓர் அறையை அடைத்துக் கொண்டிருக்கும் அது. துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள களஞ்சியத்தில் அதனோடு இணைந்த எட்டுத் திரைகளும் ஓர் அச்சு இயந்திரமும். பச்சை எழுத்துத் திரைகள். கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகிப் போனதால், அதற்குப் பதிலாக வேறொரு கம்பனியின் கன்வர்ட்டர் பெட்டியை வாங்கிப் பொருத்தினார்கள். சாதாரண கணினிகளையும் மலிவான அச்சு இயந்திரத்தையும் அதில் மாட்டிவிடலாம், செலவு பாதி என்பது கணக்கு. திரைகள் அழகாக வேலை செய்தன. அச்சுத்தான் பிழைத்தது. விநியோகச் சீட்டில் ஒரு பொருளின் வரி முடியுமுன் அடுத்த பொருளின் பெயர் ஆரம்பித்துவிடும். எந்தத் தொகை எந்தப் பெட்டிக்குரியது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

லொறிகள் வாசலில் நிற்கின்றன. சீட்டில்லாமல் காவலாளி விடமாட்டார். எனவே ஓர் இலிகிதரை இருத்தி, அந்தக் குழம்பிய தாளைப் பார்த்துப் பேனையால் எழுதிக் கொடுக்க வைத்தார்கள். ஒன்பது நாட்கள் இப்படிப் போயின. 24 என்பது 42 ஆகவும், ஒருவருக்குப் போகவேண்டியது இன்னொருவருக்குமாகப் போய், கணக்குப் பார்த்தபோது அறுபதுக்கும் மேற்பட்ட பெட்டிகள் குறைந்தன. பழி களஞ்சியப் பொறுப்பாளர் தலையில் விழுந்தது. அவர் மாவனல்லையைச் சேர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சம்பளத்தில் வெட்டப் போவதாகக் கடிதம் வந்த அன்று என்னிடம் வந்து, "தம்பி, மெஷின் சொல்றதும் நான் ஏத்தினதும் ஒண்டில்ல. இவங்க மெஷினத்தானே நம்புவாங்க" என்றார். "பொறுங்க நானா, பார்ப்போம்" என்று சொன்னேனே தவிர, என்ன பார்ப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு விடயத்தை விளக்கியாக வேண்டும். முத்து, மாணிக்க வியாபாரத்தில் அந்தக் காலத்தில் துணிக்கடியில் விரலால் விலை பேசுவார்கள் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கணினியும் திரையும் பேசுவதும் அப்படித்தான். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் நெறிமுறை. எங்கள் திரைகள் பேசியது 3270 என்ற பாஷை. ஐ.பி.எம். 1971இல் அறிமுகப்படுத்தியது. திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக 1920 இடங்கள். ஒவ்வொரு விசையையும் அழுத்த அழுத்த அது மத்திய கணினிக்குப் போகாது. படிவம் முழுவதையும் நிரப்பி என்டர் விசையை அழுத்தினால்தான் போகும், அதுவும் மாற்றப்பட்ட கட்டங்கள் மாத்திரம். தொலைபேசிக் கம்பிக்குக் கொழுத்த வாடகை கட்டிய காலத்தில் இது பெரிய சிக்கனம். எழுத்துக்களுக்கு வழங்கும் எண்கூட வேறு. நமது சாதாரண கணினிகளில் ஆங்கில 'ஏ' எழுத்து பதினாறடிமான முறையில் 41. அங்கே சி1.

இவையெல்லாம் ஊகித்து அறியக்கூடியவை அல்ல. எழுதி வைத்திருந்தால்தான் தெரியும். எழுதித்தான் வைத்திருந்தார்கள். எங்கள் கணினி அறையின் ஒரு சுவர் முழுக்க வளையமிட்ட தடித்த கோவைகளில் கைந்நூல்கள் இருந்தன. ஒரு வருடத்துக்கு முன் அலுவலகத்தை மாற்றியபோது, "யாரும் திறந்து பார்க்காத குப்பை" என்று முகாமையாளர் சொல்ல, பெட்டி பெட்டியாகக் கொண்டுபோய்க் கொட்டினோம். கொட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதுவது சரியல்ல.

கன்வர்ட்டர் விற்றவரிடம் கேட்டோம். அவரிடம் பெட்டியை எப்படிப் பொருத்துவது என்ற சிறு கொப்பி மட்டுமே இருந்தது. வெளிநாட்டிலிருந்து பொறியியலாளர் ஒருவரை வரவழைக்கலாம், விமானச் சீட்டும் ஹோட்டலும் நாட்கூலியும் உங்கள் செலவு என்றார். கடைசியில் இன்னொரு நகரத்தில், வேறொரு நிறுவனத்தின் கணினி அறையில் வேலை செய்த வயதான சூடானியர் ஒருவரிடம் அந்தக் கைந்நூல் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஒரே ஓர் இரவுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். நூலின் இலக்கம் ஜீ.ஏ.23-0059. 3270 தரவோட்டம் பற்றிய நிரலாளர் கைந்நூல். அச்சு இயந்திரம் சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் போட்டோ கொப்பி எடுத்துக்கொண்டு விடியுமுன் திரும்பினேன்.

விடை அதற்குள் இருந்தது. மத்திய கணினி அச்சுக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகுதியின் ஆரம்பத்திலும் ஒரு கட்டுப்பாட்டு எழுத்து வரும். அதில் இரண்டு பிட்கள், வரியின் நீளம் 40ஆ, 64ஆ, 80ஆ என்று சொல்லும். இரண்டும் பூச்சியமாக இருந்தால், நீளத்தைப் பார்க்காதே, இடையே வரும் 'புதிய வரி' என்ற கட்டளைக்குக் கீழ்ப்படி என்று அர்த்தம். எங்கள் விநியோகச் சீட்டு இரண்டும் பூச்சியமாகவே வந்து கொண்டிருந்தது. கன்வர்ட்டரோ எதையும் பாராமல் எல்லாவற்றையும் 80 எழுத்தாக வெட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்தை விற்பனையாளருக்குத் தொலைநகலில் அனுப்பினோம். பெட்டியில் ஓர் அமைப்பை மாற்றினால் போதும் என்று மறுநாளே பதில் வந்தது. அச்சு நேராகியது. குழம்பிய தாள்களை வைத்து ஒவ்வொரு சீட்டையும் மீண்டும் சரிபார்த்ததில் பெட்டிகள் எங்கெங்கே போயின என்பதும் பெரும்பாலும் தெரிய வந்தது. மாவனல்லை நானாவின் சம்பளத்தில் கைவைக்கவில்லை. மன்னிப்புக் கடிதம் ஒன்றும் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இது ஒரு கம்பனியின் கதை. வியாபாரிகள் கவனிக்க வேண்டிய பெரிய கதை இதற்குப் பின்னால் இருக்கிறது.

3270 எப்படிப் பேசும் என்பதை ஐ.பி.எம். இலக்கமிட்ட நூல்களாக அச்சிட்டு வெளியிட்டது. விளைவாக என்ன நடந்தது? மெமொரெக்ஸ் டெலெக்ஸ் போன்ற கம்பனிகள் அதே பாஷை பேசும் திரைகளைச் செய்து போட்டிக்கு விற்றன. 1980களின் ஆரம்பத்தில் சிறிய கம்பனிகள், சாதாரண கணினிக்குள் செருகினால் அது 3270 திரையாக மாறிவிடும் அட்டைகளைச் செய்தன. அதில் இர்மா என்ற அட்டை பிரசித்தமானது. அதே காலத்தில், 1982இல் ஆரம்பித்து, இதே தொழிலில் வளர்ந்த அட்டச்மேட் என்ற கம்பனி, ஒரு காலத்தில் வலையமைப்பு உலகையே ஆண்ட நொவெல் கம்பனியை 2011இல் சுமார் 220 கோடி அமெரிக்க டொலருக்கு விலைக்கு வாங்கியது. அடுத்தவர் வெளியிட்ட கைந்நூலை ஒழுங்காகப் படித்தவர்கள் செய்த வியாபாரம் இது. ஐ.பி.எம். நட்டப்பட்டதா என்றால் அதுவும் இல்லை. அதன் பேரகக் கணினிகளை இன்றும் பெரிய வங்கிகள் வாங்குகின்றன. 3270 திரை இன்றும் அவற்றில் திறக்கிறது, கண்ணாடித் திரைக்குப் பதிலாக மென்பொருளாக.

இதனால் ஐ.பி.எம். கம்பனியை ஓர் வள்ளல் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எல்லாவற்றையும் அது மனமுவந்து கொடுத்துவிடவில்லை. போட்டியாளர்கள் முறையிட, ஐரோப்பிய ஆணைக்குழு வழக்கெடுக்க, 1984இல்தான் தனது சிஸ்டம் 370 இயந்திரங்களோடும் வலையமைப்போடும் மற்றவர்கள் இணைவதற்கு வேண்டிய தகவல்களை உரிய காலத்தில் வெளியிடுவதாக அது உறுதிமொழி கொடுத்தது. சட்டத்தின் கை பின்னால் இருக்கும்போது தாராள மனது தானாக வரும். வியாபார உலகில் இது நமக்குப் புதிதல்லவே.

இணையம் வந்தபோது இந்தத் திரைகளை இணைய வழியில் ஓட்ட ஆரம்பித்தார்கள். 1988இல் ஆர்.எஃப்.சி. 1041 என்ற ஆவணம் ஒரு வழியை முன்மொழிந்தது. நடைமுறையில் மென்பொருள் எழுதியவர்கள் வேறொரு வழியில் போனார்கள். அந்த நடைமுறையை யாரும் எழுதி வைக்காததால் ஆளுக்கொரு விதமாகப் பேச, கடைசியில் 1994 ஜனவரியில் ஆர்.எஃப்.சி. 1576 வந்தது. "இப்போது உலகம் இப்படித்தான் செய்து கொண்டிருக்கிறது" என்பதை எழுதி வைப்பதே அதன் வேலை. அச்சு இயந்திரத்துக்கான ஏற்பாடு அதே வருடம் ஜூலையில் தனியாகச் சேர்க்கப்பட்டு 1998 ஜூனில் ஆர்.எஃப்.சி. 2355 ஆகத் திருத்தப்பட்டது. எங்களைப் போல அச்சில் அடிபட்டவர்கள் உலகில் வேறும் இருந்திருக்கிறார்கள் என்று இதைப் படித்தபோது ஓர் ஆறுதல்.

நமது பயண முகவர்களுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. கொழும்பில் உம்ரா, ஜித்தா டிக்கட் போடும் இளைஞர்கள் அமடியஸ் திரையில் ஏ.என். என்று ஆரம்பித்து, திகதியையும் சி.எம்.பி., ஜே.ஈ.டி. என்ற நகரக் குறிகளையும் இடைவெளியின்றி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தச் சுருக்கெழுத்துப் பாணி, எழுத்துக்கு எழுத்து கணக்குப் பார்த்த பழைய விமானசேவைத் திரைகளின் காலத்தது. அந்தத் திரைகளின் கம்பியில் ஓர் எழுத்துக்கு ஆறு பிட்தான். 1998 மே மாதத்தில் விமானசேவைகளின் அந்தப் பழைய பேச்சை இணைய முறையில் ஏற்றிச் செல்வது எப்படி என்று ஆர்.எஃப்.சி. 2351 எழுதப்பட்டது. அப்படி எழுதி வைத்ததால் ஒரே நாளில் எல்லோரும் எல்லாவற்றையும் தூக்கி வீசவேண்டிய நிலை வரவில்லை.

மற்றக் கம்பனிகளின் பாஷைகளுக்கு நடந்ததையும் பாருங்கள். பரோஸ், யுனிவாக், ஐ.சி.எல்., ஹனிவெல் என்று எத்தனையோ பேர் தத்தமது திரைகளுக்குத் தத்தமது நெறிமுறைகளை வைத்திருந்தார்கள். அவர்களும் கைந்நூல் அச்சிட்டவர்கள்தாம். ஆனால் பிரதிகள் குறைவு. பரோஸும் யுனிவாக்கின் உரிமையாளரான ஸ்பெரியும் 1986இல் ஒன்றாகி யுனிசிஸ் ஆயின. ஐ.சி.எல். கம்பனியின் பெரும்பங்கை 1990இல் ஃபுஜிட்சு வாங்கியது, 2002இல் பெயரும் மறைந்தது. கம்பனி கைமாறும்போது கட்டடம், வாடிக்கையாளர், கடன் எல்லாம் பட்டியலில் ஏறும். கைந்நூல் அலுமாரி எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இன்று நாங்கள் ஓர் இரவுக்கு இரவல் வாங்கிய அந்த நூலை யாரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம். பிட்சேவர்ஸ் என்ற இணையக் களஞ்சியத்தில் இப்படிப்பட்ட பழைய கைந்நூல்கள் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போடப்பட்டிருக்கின்றன. அதை நடத்துபவர் அல் கொசோ. அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் மென்பொருள் பொறுப்பாளராக இருந்தவர். எங்கள் முகாமையாளர் குப்பை என்றதை ஒரு மனிதர் ஆயுள்பணியாகச் சேர்த்திருக்கிறார்.

தேடுகிறவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விடயங்களைச் சொல்கிறேன். இயந்திரத்தின் பெயரை வைத்துத் தேடினால் விளம்பரத் தாள்தான் அகப்படும். நூலின் இலக்கத்தை வைத்துத் தேட வேண்டும். ஐ.பி.எம். இலக்கங்களில் முன்னெழுத்து ஜீ என்றால் பொதுவில் கிடைப்பது, எஸ் என்றால் விலைக்குக் கிடைப்பது, எல் என்றால் உரிமம் பெற்றவருக்கு மட்டும். கடைசியில் கோடிட்டு வரும் எண் பதிப்பைக் குறிக்கும், அதையும் பார்க்க வேண்டும். செய்தவரிடம் கிடைக்காவிட்டால் அவரது போட்டியாளரின் கைந்நூலைத் தேடலாம். அதுவும் இல்லையென்றால் உதிரிப்பாகம் செய்தவரைத் தேடலாம். 3270 திரைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே ஓடும் கம்பியில் வினாடிக்கு சுமார் 23.6 இலட்சம் பிட் வேகத்தில் என்ன போகிறது என்பதைச் சாதாரண வாடிக்கையாளர் நூல்களில் காண்பது கடினம். ஆனால் அந்த வேலைக்கென்றே நெஷனல் செமிகண்டக்டர் கம்பனி டி.பி.8340, 8341 என்ற இரு சில்லுகளை விற்றது. சில்லு விற்பவன் அது என்ன செய்கிறது என்று எழுதாமல் விற்க முடியுமா? அந்தத் தாள்களில் பாதி இரகசியம் இருக்கிறது.

இனி ஹாஜியாரின் விடயத்துக்கு வருகிறேன். 3270 போன்றதை உலகில் இலட்சக்கணக்கானோர் பாவித்தார்கள். அதனால் எங்கோ ஒரு சூடானியரிடம் ஒரு பிரதி மிஞ்சியது, எங்கோ ஓர் அருங்காட்சியகத்துக்காரர் அதைப் படமெடுத்தார். இரண்டாம் குறுக்குத் தெருவில் முப்பது கடைகளுக்கு மட்டும் எழுதப்பட்ட கணக்கு மென்பொருளின் அமைப்பை எந்த அருங்காட்சியகம் சேர்த்து வைக்கப் போகிறது? எந்தக் கட்டத்தில் வாடிக்கையாளர் இலக்கம், எந்தக் கட்டத்தில் பாக்கி, திகதி எந்த ஒழுங்கில், பில் அடிக்கும் இயந்திரத்தோடும் தராசோடும் அது எப்படிப் பேசுகிறது என்பதெல்லாம் எழுதியவரின் தலையில் மட்டும் இருக்கிறது. அவர் விமானம் ஏறினால் அதுவும் ஏறிவிடும்.

கடை வாங்கும்போது உறுதிப் பத்திரம் இல்லாமல் யாராவது முழுப்பணத்தையும் கொடுப்போமா? மென்பொருள் வாங்கும்போது மட்டும் பில் நன்றாக அடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசோலையை நீட்டிவிடுகிறோம். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் இரண்டு விடயங்களைக் கையில் வாங்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஒன்று, தரவு எந்த அமைப்பில் சேமிக்கப்படுகிறது, மற்ற இயந்திரங்களோடு எப்படிப் பரிமாறப்படுகிறது என்ற அச்சிட்ட ஆவணம். மற்றது, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்பாகக் கணக்கு முழுவதையும் நாமே வெளியே எடுக்கும் வசதி. ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்க வேண்டும். தொழில் இரகசியம் என்று சிலர் மறுப்பார்கள். மென்பொருள் எப்படி எழுதப்பட்டது என்பது அவரது இரகசியம், அதை நாம் கேட்கவில்லை. உள்ளே இருக்கும் பாக்கிக் கணக்கு யாருடையது?

மலிவாகத் தருகிறவர் இதையெல்லாம் எழுதித் தரமாட்டார் என்று ஒரு வியாபாரி என்னிடம் வாதிட்டார். உண்மைதான், எழுதுவதற்கும் கூலி உண்டு. ஒன்பது நாள் லொறி நின்ற செலவை நான் பார்த்திருப்பதால் அந்தக் கூலியைப் பெரிதாக நினைப்பதில்லை.

ஹாஜியாரின் பழைய கணக்கு இன்னும் முழுதாக வெளியே வரவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவரது பேரன் ஒருவர் கோப்பைத் திறந்து, தெரிந்த பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டு, கட்டம் கட்டமாக அர்த்தம் கண்டுபிடித்து வருகிறார். வாடிக்கையாளர் பெயரும் பாக்கியும் கிடைத்துவிட்டன. திகதிகள்தாம் இன்னும் பிடிபடவில்லை. புதிய விற்பனையாளர், அமைப்பு ஆவணம் தருவதென்றால் 25,000 ரூபா மேலதிகம் என்று கேட்டிருக்கிறார். ஹாஜியார் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். எவ்வளவுக்கு முடிந்தாலும், ஆவணத்தைக் கையில் வாங்கிய பிறகே காசோலையில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.